மூன்றாவது கணினியின் நீர்க்காகத்துக்கு

அன்புக்குரிய நீர்க்காகத்துக்கு,

நம்முடைய இணையக் கருத்துக்களத்தை இந்த மாதத்தோடு மூடப் போகிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பழைய ஆட்கள் எல்லோரும் வந்து தங்கள் சண்டைகளையும் கவிதைகளையும் நினைத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நீங்கள் வாசிக்கப் போவதில்லை. மற்றவர்கள் வாசிக்கட்டும்.

நான் முதன்முதலில் இங்கே வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்குமா? உங்களுக்கு அது இன்னொரு சனிக்கிழமை. எனக்கு அப்போது உயர்தரப் படிப்பு. பழுகாமத்திலிருந்து வந்து மட்டக்களப்பு நகரத்தில் சின்னம்மா வீட்டில் நின்றேன். டியூஷன் முடிந்ததும் இணையக் கடைக்குப் போவேன். அதை நடத்தியவர் காத்தான்குடிக்காரர். அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுவோம்.

"மூணாவதுல இரிங்க புள்ள. அதுலதான் தமிழ் தெரியிம்" என்றார் நானா.

உண்மைதான். மற்றக் கணினிகளில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெறும் கட்டங்கள். மூன்றாவதில் மட்டும் எழுத்துகள் எழுத்துகளாகவே தெரிந்தன. அதன் விசைப்பலகையில் யாரோ பிளாஸ்டரைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பேனையால் தமிழ் எழுத்து எழுதி ஒட்டியிருந்தார்கள். எவ்வளவு பொறுமையான ஆள் என்று நினைத்தேன். அவ்வளவுதான், பிறகு மறந்துவிட்டேன்.

புதிதாக வருகிறவர்கள் தங்களை அறிமுகம் செய்ய வேண்டும் என்று களத்தில் போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவரை அறிமுகம் செய்வது என்றால் எப்படி? ஆர்ர பிள்ளை, எந்த ஊர், என்ன குடி, எந்த ஒழுங்கையில் வீடு. அப்படித்தான் எழுதினேன். என் முழுப் பெயர், அப்பாவின் பெயர், ஊர், பள்ளிக்கூடம், சின்னம்மாவின் வீடு இருக்கும் வீதி. அது போதாதென்று, சனிக்கிழமைகளில் நானாவின் கடையில் யன்னலோரத்து மூன்றாவது கணினியில் இருந்து எழுதுகிறேன் என்றும் சேர்த்தேன். மரியாதையாக எழுதியதாகவே நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் பதிவைக் காணவில்லை. களத்து உதவியாளரான உங்களிடமிருந்து, நீர்க்காகம் என்ற பெயரில், ஒரு தனிமடல் வந்தது.

"வணக்கம். நல்ல அறிமுகம். ஆனால் அதை எடுத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். இங்கே வாசிக்கிறவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடு வாசிப்பதில்லை. உங்களுக்கு ஒரு புனைபெயர் வைப்போமா?"

அப்போது வாவியின் இந்தக் கரையில் இராணுவத்தின் ஆட்சி, பழுகாமம் இருக்கும் மறுகரையில் இயக்கத்தின் ஆட்சி. அந்தக் கரையில் பிறந்த பெண் இந்தக் கரையில் எந்தக் கிழமை, எந்தக் கதிரையில் உட்கார்ந்திருப்பாள் என்று நானே எழுதி உலகத்துக்குக் காட்டியிருக்கிறேன். அது எனக்கு விளங்க ஒரு கிழமை எடுத்தது. உங்களுக்குப் பத்து நிமிடம்.

புனைபெயர் வைத்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். நான் 'சனிக்கிழமை' என்று வைக்கவா என்று கேட்டேன். "நீங்கள் வருவதே சனிக்கிழமைதானே" என்றீர்கள். 'வாவிமீன்' என்றேன். "வாவி என்றாலே ஊர் தெரிந்துவிடும்" என்றீர்கள். சலித்துப்போய், நானாவின் கடை மூலையில் கிடந்த விளக்குமாற்றைப் பார்த்து 'ஈர்க்கில்' என்று அடித்தேன். "மிகவும் நல்லது. எல்லா ஊரிலும் இருக்கிறது" என்று பதில் வந்தது.

உங்களுடையது சம்பளம் இல்லாத வேலை. களத்தில் உதவியாளர்கள் நாலைந்து பேர் இருந்தீர்கள். மற்றவர்கள் லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அரை மணி நேரத்துக்குக் கணினியை எடுத்தவனின் அவசரம் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் நீளமாக விளக்குவார்கள். நீங்கள் நாலு வரியில் முடிப்பீர்கள். முதல் வரியிலேயே விடை இருக்கும்.

ஒரு முறை புதிதாக வந்த ஒருவர், தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் புலம்பியிருந்தார். உதவியாளர்களில் ஒருவரான டொரண்டோ அண்ணைக்குக் கோபம். "முதல்ல விதிமுறையை வாசிச்சுப்போட்டு வாரும் தம்பி. எல்லாம் அங்க வடிவா எழுதிக் கிடக்கு" என்று போட்டார்.

நீங்கள் எழுதினீர்கள்: "விதிமுறை தமிழில் இருக்கிறது அண்ணை. அவருடைய திரையில் தமிழ்தான் தெரியவில்லை. எதை வாசிப்பார்?"

அண்ணை இரண்டு நாள் களத்துப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள், "நீர்க்காகம் சொல்லுறது சரிதான்" என்று ஒரு வரி போட்டார். அதற்குள் நீங்கள் விளக்கம் முழுவதையும் ஒரு படமாக்கி முன்பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். படம் எந்தக் கணினியிலும் தெரியும். அந்தப் படத்தால் உள்ளே வந்தவர்கள் இந்தக் கடிதத்தையும் வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களில் அநேகருக்கு அதைச் செய்தது நீங்கள் என்று தெரியாது.

ஒருவரின் முதல் பதிவு மறுமொழி இல்லாமல் கிடக்கக்கூடாது என்பது உங்கள் பிடிவாதம். "வந்தவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு நாங்கள் உள்ளே கதைத்துக்கொண்டிருக்க ஏலுமா?" என்று எனக்கு எழுதினீர்கள். பிறகு ஒரு நாள், "ஒரு புதுப் பிள்ளை எழுத்துரு கேட்கிறாள், நீங்கள் சொல்லிக்கொடுங்கள், எனக்கு அவசரமாக வெளியே போக வேண்டும்" என்றீர்கள். பயந்து பயந்து சொல்லிக்கொடுத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால், களத்தில் இருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் அந்த நேரம் முழுவதும் இருந்திருக்கிறது. எங்கேயும் போகவில்லை நீங்கள்.

உங்கள் பெயரை ஒரு முறை கேட்டேன். அதற்கு நீங்கள் எழுதியதை ஒரு கொப்பியில் பிரதி செய்து வைத்திருக்கிறேன். "பெயர் தெரிந்தால் ஆள் எந்த ஊர், எந்தச் சமயம், எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். தெரியாவிட்டால் நான் சொன்ன வழி சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். எனக்கு அது போதும்."

அவ்வளவு கவனமான நீங்களும் ஒரு பிழை விட்டீர்கள். ஒரு சனிக்கிழமை விசைப்பலகையில் 'ஞ' எந்தக் கட்டையில் இருக்கிறது என்று தெரியாமல் உங்களிடம் கேட்டேன். உடனே பதில் வந்தது: "அந்த ஒட்டு விழுந்துவிட்டது. மேல் வரிசையில் பிளாஸ்டர் இல்லாத கட்டையை அழுத்துங்கள்."

அழுத்தினேன். 'ஞ' வந்தது. பிறகுதான் என் கை நின்றது. அந்த ஒட்டு விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் கேட்கவில்லை. எங்கோ கடல் கடந்து இருப்பவர் என்று நான் நினைத்திருந்த ஆள், சனிக்கிழமைகளில் வேறொரு கணினியில் இருந்து எனக்கு எழுதினாலும், வேறொரு கிழமையில் இதே கதிரையில் இருந்திருக்கிறார். என் முதல் அறிமுகத்தைப் பத்து நிமிடத்தில் எடுத்தபோது, அதில் உங்கள் கதிரையும் இருந்திருக்கிறது. அதற்காக நீங்கள் என்மேல் ஒரு சொல் கோபித்ததில்லை.

பிறகு மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைப் பக்கம் சண்டை மூண்டு, பனிச்சங்கேணிப் பாலத்தைத் தாண்டிச் சனம் அகதிகளாக வந்துகொண்டிருந்த காலம். களத்துக்குப் புதிதாக வந்தவர்கள் எழுத்துரு கேட்கவில்லை, ஆட்களைத் தேடினார்கள். பெயரும் வயதும் ஊரும் போட்டு எழுதினார்கள். நீங்கள் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனியே எழுதினீர்கள். எத்தனை பேருக்கு ஆள் கிடைத்தது? யாரிடம் விசாரித்தீர்கள்? அது உங்களோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் உங்களைக் காணவில்லை.

அந்தக் காலத்தில் ஒருவரைக் காணவில்லை என்றால் என்ன நினைப்போம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டொரண்டோ அண்ணைதான் முதலில் துடித்தார். "நீர்க்காகத்தைப் பற்றி ஆருக்கு என்ன தெரியுமோ எல்லாத்தையும் இங்க எழுதுங்கோ. எத்தனை மணிக்கு வாறவர், என்ன கதைச்சவர், எந்த ஊர்க் கதை. சேர்த்துப் பார்த்தா ஆளைப் பிடிச்சிடலாம்" என்று எழுதினார். பாசத்தில் எழுதியதுதான். ஆட்கள் ஒவ்வொரு துண்டாகக் கொண்டுவந்து போடத் தொடங்கினார்கள். சேர்த்துப் பார்க்கப்போவது அண்ணை மட்டும் இல்லையே. தயவுசெய்து நிறுத்துங்கள் என்று எழுதினேன்.

"நீர் ஆர் பிள்ளை தடுக்க? உமக்கு ஆளைத் தெரியுமோ?" என்று கேட்டார்.

தெரியாது. அதனால் நானாவிடம் போனேன். விசைப்பலகையைக் காட்டி, "நானா, இத ஒட்டின ஆள் எங்க?" என்று கேட்டேன்.

நானா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா அந்தச் சனிக்கிழமைப் புள்ள? 'சனிக்கிழமை அந்தக் கதிரையில ஆரையும் இருத்தாதீங்க நானா, ஒரு புள்ள வரும்' எண்டு அவங்க சொல்லிட்டுத்தான் போவாங்க." பிறகு, "அவங்க இப்ப இல்ல புள்ள" என்றார். நெஞ்சு வருத்தமாம், சின்ன வயதிலிருந்தே இருந்த இதய நோய். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வழி சொன்னார். எந்தக் கரை என்று நான் எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருந்தது, உங்கள் தாயை நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்பதையும் எழுத மாட்டேன். நீங்கள் அண்ணாவா அக்காவா என்று இன்றைக்கும் இங்கே கேட்கிறார்கள். அதுவும் என்னோடு இருக்கட்டும்.

உங்கள் தாய் வாசலில் வந்து நின்று, "ஆர்ர புள்ள நீ?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். என் பெயர், அப்பாவின் பெயர், பழுகாமம், குடி, ஒழுங்கை, சின்னம்மாவின் வீடு. அன்றைக்கு நீங்கள் எடுத்துவிட்ட அறிமுகம் முழுவதையும், ஒன்று விடாமல், உங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.

"இவ்வளவு கிட்டத்துல இருந்துக்கிட்டு ஒரு நாளும் வீட்ட வரல்லியே" என்று என் கையைப் பிடித்தார். தேத்தண்ணி தந்துவிட்டுக் கேட்டார். "கொம்பியூட்டர்ல என்ன செய்யிறாய் எண்டு கேட்டா, புதுசா வாற ஆக்களுக்கு வழி காட்டுறன் எண்டு சொல்லும். எனக்கு ஒண்டும் விளங்கல்ல. நல்லாக் காட்டிச்சா, என்ட புள்ள?"

"ஓம். எனக்கும் காட்டினது" என்றேன்.

களத்தில் பெயர் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். "அதுக்கு விருப்பமில்லாதத நாம செய்யப்படாது."

நீங்கள் நோயால் காலமானீர்கள் என்று மட்டும் களத்தில் எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். தரவில்லை. பொய் சொல்கிறாள் என்றும், யாரோ அவளை எழுத வைக்கிறார்கள் என்றும் கதை வந்தது. சிலர் இன்னும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் துண்டு துண்டாகச் சேர்ந்துகொண்டிருந்த அந்தப் பக்கத்தை அன்றே மூடினார்கள். எனக்கு அது போதும்.

நானாவின் கடை இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. மூடும்போது விசைப்பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். விழுந்த 'ஞ'வை நான் இன்னும் ஒட்டவில்லை. இப்போது எல்லாம் போனிலேயே தமிழ் தெரிகிறது. கட்டம் என்றால் என்னவென்று கேட்கிறார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்கள் மாறவில்லை. போன கிழமை ஒரு வாசகர் குழுவில் ஒரு பிள்ளை தன் பெயர், ஊர், வகுப்பு, வீட்டு இலக்கம் எல்லாம் எழுதி வணக்கம் சொல்லியிருந்தாள். நல்ல அறிமுகம், கோபிக்க வேண்டாம் என்று தொடங்கி அவளுக்குத் தனியே எழுதினேன். "நீங்க ஆரு அக்கா?" என்று கேட்டாள். எல்லா ஊரிலும் இருக்கிற ஆள் என்றேன்.

களம் மூடினாலும், என் கண்ணில் படுகிற எந்த முதல் பதிவும் மறுமொழி இல்லாமல் கிடக்காது. உங்கள் பெயரை என்னிடமிருந்து யாரும் வாங்கவும் முடியாது. இந்த இரண்டையும் உங்கள் தாய்க்குச் சொல்லிவிட்டேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வேறொரு கிழமையில் உங்கள் கதிரையில் இருந்த தங்கச்சி,
ஈர்க்கில்