சின்னவளின் கட்டம்

ஜனவரி 9
பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தொடங்கிய முதல் வேலை. கூடத்துச் சுவரில் பெரிய தாள் ஒட்டி வம்சாவளி வரைய ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரு கட்டம். மனைவி பார்த்துவிட்டு, “சமையல்கட்டுச் சுவரும் காலியாத்தான் இருக்கு. சொந்தக்காரங்க மிஞ்சினா அங்க அனுப்புங்க” என்றாள்.

அம்மா கட்டிலில் படுத்தபடி கேட்டாள்: “சின்னவளுக்கு எங்கடா கட்டம்?”

சின்னவள் அம்மாவின் ஒரே தங்கை. தாத்தாவுக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். நான் அப்போது கைக்குழந்தை. அதோடு போக்குவரத்து நின்றுவிட்டது.

மேலிருந்து வரிசையாக வருவோம், அவசரம் என்ன என்றேன்.

பிப்ரவரி 2
அம்மாவைப் பேட்டி எடுத்தேன். அவள் தாத்தா, அதாவது என் பூட்டன், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால், இரண்டு வாக்கியம் ஒழுங்காக வருகிறது. மூன்றாவதில் சின்னவள் வந்துவிடுகிறாள். சின்னவள் மரம் ஏறினாள், சின்னவள் அம்மாவின் சடையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு ஓடினாள்.

ஆள் தடம் மாறினால் ரெக்கார்டரை நிறுத்திவிடுவது என் பழைய வழக்கம். பிறகு உட்கார்ந்து கேட்டு எழுதும்போது நேரம் மிச்சம். இன்றும் நிறுத்தினேன். நிறுத்திய பிறகு மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17
பூட்டனுடைய அப்பாவின் பெயர் கிடைத்தது! ஆவணக் காப்பகத் தூசியில் இன்னும் தும்முகிறேன்.

ஏப்ரல் 21
தாத்தா வீட்டுப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தபால்காரரைப் பிடித்தேன். சித்தி உயிரோடு இருக்கிறாளாம். ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவு. ஒரு தையல் கடையின் மாடியில் குடியிருக்கிறாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை அவளுடையதுதான்.

ஆனாலும் ஒருவர் வாய் சொன்னது செய்தியாகாது. இன்னொரு ஆதாரம் வேண்டும். அதுவும் போக, முக்கியமான ஆளிடம் கடைசியில்தான் போக வேண்டும், எல்லாத் தகவலும் கையில் இருக்கும்போது. அப்படித்தான் பழகியிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லி, அது வேறு யாரோவாக இருந்துவிட்டால்?

ஜூன் 11
மனைவியிடம் மட்டும் சொன்னேன். “போய்க் கதவத் தட்டினாத் தெரிஞ்சிடப் போகுது. ரெண்டு சாட்சி கேக்க இது என்ன கொலைக் கேஸா?”

சிரித்தேன். அடுத்த வாரம் மறுபடி காப்பகம். பூட்டனுக்கு ஓர் அண்ணன் இருந்திருப்பார் போலிருக்கிறது. அதை முடித்துவிட்டுப் போகலாம்.

மாலையில் அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “செத்தவனுக்கெல்லாம் கட்டம் போட்டுட்ட. உசுரோட இருக்கறவளுக்கு எப்போடா? வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற.”

தெரிந்துதான் சொன்னாளா? தெரிந்திருக்க வழியில்லை.

ஜூலை 30
அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள். பக்கவாதம். வலது கை, வலது கால் போய்விட்டன. பேச்சும். “சொல்றது புரியும், திருப்பிச் சொல்ல வராது” என்றார் டாக்டர்.

எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். நான் பேட்டி எடுத்த அமைச்சர்களைப் போல அவர் வேறு எதையோ சொன்னார்.

ஆகஸ்ட் 5
ஆதாரம் எதுவும் இல்லாமல் போனேன். தையல் கடை, பக்கத்தில் செங்குத்தான படி. கதவைத் தட்டினேன். திறந்தது அம்மாவின் முகம். கொஞ்சம் மெலிந்து, மூக்கில் கண்ணாடியோடு.

“அக்கா பிள்ளைதானே நீ? மூஞ்சியே சொல்லுதே. செருப்போடயே வா, உள்ள எல்லாம் நூலும் துணியுமாக் கிடக்கு.”

இதற்குத்தான் நான்கு மாதம் ஆதாரம் தேடினேன்.

விஷயத்தைச் சொன்னேன். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து மெதுவாகச் சுருட்டினாள். “அக்கா என்னப் பத்திப் பேசுவாளாப்பா?”

“எப்பவும் உங்க பேச்சுதான் சித்தி.”

“என்ன பேசுவா?”

எனக்கு மரமும் சடையும்தான் நினைவுக்கு வந்தன. “அம்மா குரலப் பதிவு பண்ணியிருக்கேன். நீங்களே வந்து கேளுங்க” என்றேன்.

ஆகஸ்ட் 7
எல்லாப் பதிவுகளையும் கேட்டேன். தாத்தா, பூட்டன், நிலம், காலரா, எல்லாம் தெளிவாக இருக்கின்றன. சின்னவள் என்ற சொல் வந்ததும் குறுக்கே என் குரல். “அது அப்புறம் பேசலாம்மா.” க்ளிக். இதில் இல்லாவிட்டால் அடுத்ததில் இருக்காதா? அடுத்ததிலும் க்ளிக்.

ஒன்றில் மட்டும் கை தாமதித்திருக்கிறது. “அன்னைக்கு அப்பா சொன்னாருன்னு கதவச் சாத்தினது நான்தான். ஆனா...”

அவ்வளவுதான். அன்று அம்மா அதற்குப் பிறகும் பேசினாள். அது நன்றாக நினைவிருக்கிறது. என்ன பேசினாள்? நான் எதிரேதானே உட்கார்ந்திருந்தேன். தலையாட்டிக்கொண்டு.

ஆகஸ்ட் 10
சித்தி வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். “இவ்வளவு வருஷம் கழிச்சு வர்றேன், வான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? அப்பவே நீ அழுத்தக்காரிதான்.” அம்மாவின் வாயின் இடது ஓரம் மட்டும் சிரித்தது. கண் இரண்டும் வழிந்தன.

சித்தி பதிவைப் போடச் சொன்னாள். போட்டேன். ‘ஆனா’வோடு நின்றது. ரெக்கார்டர் கெட்டுவிட்டதா என்று கேட்டாள். இல்லை, நான்தான் நிறுத்தினேன் என்றேன். அவள் அம்மாவின் பக்கம் குனிந்தாள்.

“ஆனா என்னக்கா?”

அம்மா இடது கையால் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது. தொண்டையில் ஏதோ ஏறி ஏறி இறங்கியது. சொல்லாக வரவில்லை. மறுபடி முயன்றாள். மறுபடியும்.

“சரி விடு. அவசரம் ஒண்ணுமில்ல” என்றாள் சித்தி.

நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 14
அம்மா போய்விட்டாள். விடிவதற்குள். சித்தி பக்கத்தில் இருந்தாள்.

டிசம்பர் 31
பூட்டனின் அண்ணனைத் தேடிக் காப்பகத்துக்கு எழுதியிருந்தேன். இன்று பதில் வந்தது. உறையைப் பிரிக்கவில்லை.

சித்தி வந்திருந்தாள். அவள் கட்டத்தை அவளையே எழுதச் சொன்னேன். அம்மா கட்டத்தை ஒட்டி, இடமே விடாமல் எழுதினாள். பிறகு பேச உட்கார்ந்தோம். தாத்தாவில் தொடங்கி, நூல் விலைக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரன் நாய்க்குச் சட்டை தைத்துத் தரக் கேட்டதில் வந்து நின்றாள்.

“நான் பாட்டுக்கு உளறிட்டிருக்கேன். உனக்கு வேண்டியதக் கேளேன்ப்பா.”

“நீங்க பேசுங்க சித்தி.”

வீட்டை விட்டுப் போன நாளைச் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா கதவைச் சாத்தினாள். வெளியே இவள் நின்றுகொண்டிருந்தாள். “ஆனா...” என்று இழுத்தவள், காலிக் கட்டிலைப் பார்த்தபடி நிறுத்திவிட்டாள்.

ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.