மூன்றாவது தட்டில் நொண்டும் மெஷின்

என் வாலு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று உன் அண்ணன் சொல்லித்தான் தெரிகிறது, மூன்று வாரமாக என் போனை நீ எடுக்காததால். எழுதி முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள், இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை போய் வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் தைக்க உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை, நீ சொன்னால்தான் கேட்பாள். எதிர்வீட்டுக்காரர் மறுபடி சுவரை இடித்துக் கட்டுகிறார், வீடெல்லாம் தூசி. இதைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய்.

நீயே இசையமைத்து அனுப்பிய பாட்டைக் கேட்டுவிட்டு, இதில் உயிரே இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர் தட்டுகிற தாளம், எங்கள் காலத்தில் ஒரே மூச்சில் பாடி வாசித்ததுதான் பாட்டு என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அதை வெளியிடப் போவதில்லை என்று நீ அண்ணனிடம் சொன்னாயாம். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வயலின் வாசித்தேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற அந்தப் பாட்டு ஒரே மூச்சில் எடுத்ததே இல்லை. பாடகருக்குத் தொண்டை கட்டி, பல்லவி ஒரு நாள், சரணம் நாலு நாள் கழித்து. நான் இரண்டு இடத்தில் கோட்டை விட்டேன். ஒலிப்பதிவாளர் பிளேடால் டேப்பை வெட்டி, வேறு தடவை வாசித்த துண்டை வைத்து ஒட்டினார். இத்தனை வருஷமாக உன்னிடம்கூட மறைத்தேன். ஆனால் அதைக் கேட்டு அழுதவர்கள் யாரும் பொய்யாக அழவில்லை. அப்படியிருக்க உன் பாட்டைப் பொய் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் நல்லது என்று இப்போதும் சொல்ல மாட்டேன், அண்ணன் காரில் போடுகிற சிலதைக் கேட்டால் பல் கூசுகிறது. எங்கள் காலத்திலும் அப்படிப்பட்டவை மூட்டை மூட்டையாக வந்தன, நான் அதிலும் வாசித்திருக்கிறேன், வசதியாக மறந்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் அண்ணன் உன் பாட்டை மறுபடி போட்டான். அம்மா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்து நின்று, இது என் தையல் மெஷின்தானே, ரெண்டு தட்டு தட்டி மூணாவதுல நொண்டுது பாருங்க என்றாள். போன தடவை நீ வந்தபோது அவள் தைக்கிற இடத்தில் மெஷின் பக்கம் போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாற்பது வருஷம் வயலின் பிடித்தவன் என்று மார்தட்டுகிற எனக்கு அது கேட்கவில்லை. அசடு வழிந்து நின்றேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுதான் மனசைப் பிசைகிறது. நீ விமானம் ஏறிய மறு வாரமே, அந்த நொண்டல் சத்தம் காதைக் குடைகிறது என்று மெக்கானிக்கை வரவழைத்து நான்தான் சரிசெய்யச் சொன்னேன். இப்போது அது யார் வீட்டு மெஷினோ போலச் சீராக ஓடுகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஹெட்போனைக் கழற்றிக் காதுக்கு ஓய்வு கொடு. எடுத்த காரியமெல்லாம் ஜெயித்து நீ நன்றாக இருக்க வேண்டும். பாட்டை வெளியிடு. என் மேல் கோபம் தீராமல் வெளியிடாவிட்டாலும் அழித்துமட்டும் விடாதே கண்ணு, உன் அம்மாவின் அந்தச் சத்தம் இப்போது அதில் மட்டும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வாயை அடக்கத் தெரியாத உன் அப்பா