சின்ன மாதத்தின் ஆறாம் நாள்

19.11.2015, வியாழன். ஹாத்தூர் 10.

இன்றைய வேதபகுதியை ஓசையின்றி வாசித்தேன். என் மனைவி டெமியானா இருந்தவரை உரக்க வாசிப்பேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்து, மொச்சையில் கல் பொறுக்கியபடி கேட்பாள்.

"இது சமையலறை, பலிபீடமில்ல" என்பேன்.

"யாரோட வார்த்தையை வாசிக்கிறீங்க? கழட்டுனா கால் தேஞ்சிடுமா?"

அவள் போனபின் வேதத்தின் ஒரு வரிகூட என்னிடம் பேசவில்லை. எதற்கு வாசிக்கிறேன்? அவள் புனித மீனாவின் திருநாளைத் தவறவிட்டதே இல்லை. எங்கள் கோப்து நாட்காட்டியில் அது ஹாத்தூர் மாதம் 15, அந்நாள்வரை வாசிப்பேன். பிறகு தேதிவாரியான இந்த வேதவாசகப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

21.11.2015, சனி. ஹாத்தூர் 12.

வாசித்தேன். ஒன்றுமில்லை.

24.11.2015, செவ்வாய். ஹாத்தூர் 15 — பிழை. ஹாத்தூர் 14.

அதிகாலையில் திருநாள் பகுதியை வாசித்து, கோட்டு அணிந்து, வெகுநாள் கழித்து ஆலயம் சென்றேன். காவலர் பிஷாய் மட்டும் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"திருநாள் நாளைக்கு, வஹீப் ஐயா. புனிதரே இன்னும் முழிக்கல, நீங்க கோட்டு மாட்டிட்டு வந்துட்டீங்க."

"எனக்கே தேதி சொல்றியா?"

"இந்தத் தடவை சின்ன மாசத்துக்கு ஆறு நாளில்ல? நாலு வருஷத்துக்கு ஒருக்கா வர்றது. எங்களுக்கு ஞாபகப்படுத்துறதே நீங்கதானே. அன்னைக்குத்தான் அம்மாவை..." துடைப்பத்தைப் பார்த்தபடி நிறுத்திக்கொண்டார்.

ஆண்டின் கடைசியான, வழக்கமாக ஐந்தே நாள் கொண்ட அந்தச் சின்ன மாதத்தின் ஐந்தாம் நாள் அவள் இறந்தாள். ஆறாம் நாள் அடக்கம். என் கணக்கிலோ ஐந்தை அடுத்துப் புத்தாண்டு. சபையாரின் நாட்காட்டி வாங்குவது அவள் வேலை. எனக்கு மனக்கணக்கு போதும் என்றிருந்தேன். அவளை மண்ணில் வைத்த நாளையே நான் விட்டுவிட்டேன். அன்று முதல் சபை முழுவதற்கும் ஒரு நாள் முன்னே, தனியாக வாசித்திருக்கிறேன்.

எப்படி விட்டேன்? நானா?

25.11.2015, புதன். ஹாத்தூர் 15.

நேற்று கண்ணால் கடந்த வரிகளையே இன்று ஆலயத்தில் எல்லோருடனும் நின்று கேட்டேன். ஆறுதல் என்று சொல்லமாட்டேன். ஆனால் தனியாக இல்லை.

வீட்டுக்கு வந்து, சின்ன மாதத்தின் ஆறாம் நாளுக்குரிய பகுதியை எடுத்தேன். உரக்க வாசித்தேன்.

முடிந்தபோது பாதங்கள் சில்லிட்டிருந்தன. செருப்பு கதவருகே கிடந்தது.

அடையாள நாடாவை ஹாத்தூர் 16-இல் வைத்தேன்.