மீதியையும் சொல்லு

பெங்களூர்,
2-12-1991

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் தம்பி அண்ணாதுரை வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் செல்லியும் குழந்தையும் சுகமாக இருக்கிறோம். ராசாத்தி பிளஸ் டூவுக்கு ஒழுங்காகப் படிக்கிறாளா? மாமன் கேட்டதாகச் சொல்.

காவிரித் தகராறு முற்றுகிறது, குடும்பத்தோடு ஓசூருக்கு வந்துவிடு என்று எழுதியிருந்தாய். தையல் கடையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? தைக்கக் கொடுத்த துணி மலை மாதிரிக் கிடக்கிறது. போன வாரம் யாரோ கடைப் பலகையில் தமிழ் எழுத்தின் மேல் மட்டும் தார் பூசிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் சித்தலிங்கப்பா மாடியிலிருந்து இறங்கித் தெருமுனைக் கடைவரை வந்து பார்த்தார். அவர் கன்னடக்காரர்தான். தான் இருக்கும்வரை என் மேல் யாரும் கை வைக்க முடியாது என்றார். வாய்ப்பேச்சுக்காகச் சொல்கிற மனிதர் இல்லை. அதனால் நீ வீணாகக் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
அண்ணாதுரை


பாரூர்,
27-12-1991

அக்காவுக்கு,

சொல்லாமல் உன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன். செல்லியின் அப்பா வீட்டில் இருக்கிறோம். தேட வேண்டாம்.

எரிந்தது என் கடை. பலகை, மெஷின், ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்த துணி, எல்லாம் என் கண் முன்னால் எரிந்தது. சித்தலிங்கப்பா எங்களைப் பூஜை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நின்றதையும், யாரும் இல்லை என்று சொன்னதற்காகக் கல்லடி பட்டதையும், அந்த ரத்தத்தோடு எங்களை எல்லையிலுள்ள அத்திப்பள்ளி வரை காரில் கொண்டுவந்து விட்டதையும் உன் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னேன். அக்கா என்றுதானே உன்னிடம் சொன்னேன்?

ஓசூரில் உங்கள் மூக்கண்டப்பள்ளி மைதானத்தில் அத்தனை பேர் கூடி, என்னை டெம்போ மேல் ஏற்றி, நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. நீ கூட்டத்துக்குள் புகுந்து வந்து, "மீதியையும் சொல்லு தம்பி. உன்ன உசுரோட கொண்ணாந்து உட்டது யாருன்னு சொல்லு" என்றாய். நான் வாய் திறக்கவில்லை என்றதும் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். முன்னால் நின்ற ஒருவன், "அவனுங்க வூட்டுலயே ஒளிஞ்சிருந்துட்டு வந்த ஆளா இவன்" என்றான். சிரித்தார்கள் அக்கா. எல்லாம் இழந்து வந்து நின்றவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை வாங்கிக் கொடுத்தது நீ.

அண்ணாதுரை


மூக்கண்டப்பள்ளி,
4-1-1992

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஜெயமணி எழுதுவது. 'அன்புள்ள' என்று இல்லாமல் நீ எழுதிய முதல் கடிதம் வந்தது. மாமா படித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். எப்படியோ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களே, அது போதும்.

நீ டெம்போ மேல் நின்றாய். கீழே நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. நீ கடை எரிந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே பின்வரிசையில் மண்ணெண்ணெய்க் கேன் கைமாறிப் போனதை நான் பார்த்தேன். எதிர்சந்தில் கன்னடக்காரர் வீடுகள். முதல் வீடு கெம்பம்மாவுடையது. அவள் புருஷனும் மாமாவும் ஒரே கம்பெனியில் ஒரே ஷிப்டு. ராசாத்தி பிறந்தபோது எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவள். அன்று அவள் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தான் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு கௌஸ் பாஷா, தளிச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வந்த வண்டியைச் சந்தின் வாயில் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியை வாய்க்காலில் வீசிவிட்டார். அந்த வண்டி எவ்வளவு நேரம் தாங்கும்? எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. உன் வாயிலிருந்து வந்தால்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். நீ பேசவில்லை. நான் பேசினேன்.

சிரிப்பு எனக்கும் கேட்டது. ஆனால் நீ இறங்கிப் போன பிறகு நடந்ததையும் கேள். சிரித்தவனுக்குப் பக்கத்தில், உன்னைப் போலவே பெங்களூரிலிருந்து பிள்ளையோடு ஓடிவந்த ஒரு பெண் நின்றிருந்தாள். பேச்சியம்மாள் என்று பெயர், சாத்தூர்ப் பக்கம். "எங்களையும் ஒரு கன்னடத்து அம்மாதான் மாட்டுக் கொட்டாயில வச்சுக் காப்பாத்துனாங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அதன்பின் இன்னொருவர் தன் கதையைச் சொன்னார். அப்புறம் இன்னொருவர். எல்லாருக்கும் ஒரு மீதி இருந்தது தம்பி. கேன் வைத்திருந்தவன் அதைக் கீழே வைத்துவிட்டு எப்போது போனான் என்றே தெரியவில்லை.

இப்போது இங்கே யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் பெண்கள் நாங்கள் மடக்கி, "கண்ணால பாத்தியா, காதால கேட்டியா" என்று கேட்கிறோம். கேட்டது என்றால், கௌஸ் பாஷா எல்லைக்குப் போய் விசாரித்து வந்து தமிழிலும் கன்னடத்திலும் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். கெம்பம்மாவும் எங்களோடு நிற்கிறாள்.

மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் அதைத்தான் செய்வேன். அதை மறைத்து உனக்கு எழுத எனக்கு வரவில்லை. ஆனால் உன்னிடம் மிச்சமிருந்தது அந்தத் துக்கம் ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கிக் கூட்டத்தில் போட்டுவிட்டேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

குழந்தைக்குச் சளி விட்டதா? எழுது.

அக்கா,
ஜெயமணி


மூக்கண்டப்பள்ளி,
19-8-1992

அன்புள்ள தம்பிக்கு,

போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. கௌஸ் பாஷா பாரூர்ப் பக்கம் போனபோது உன்னைக் கரும்பு வயலில் பார்த்தாராம். மெலிந்துவிட்டாய் என்றார். "அக்கா கேட்டாங்கன்னு சொல்லவா" என்றதற்கு நீ குனிந்து சோகை உரிக்கத் தொடங்கிவிட்டாயாம். தையல்காரன் கை, கரும்புச் சோகையில் அறுபடுமே என்றுதான் எனக்கு நினைப்பு. நல்ல களிம்பு வாங்கிப் போட்டுக்கொள்.

அக்கா


மூக்கண்டப்பள்ளி,
11-4-1993

அன்புள்ள தம்பிக்கும் செல்லிக்கும்,

நீ மறுபடி பெங்களூருக்கே போய்விட்டாய் என்று செல்லியின் அப்பா சொல்லித்தான் தெரிந்தது. விலாசமும் அவர்தான் கொடுத்தார். அங்கே இருக்கிற நிலவரம் என்ன, பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

ராசாத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை கிருஷ்ணகிரி, மாங்காய் மண்டியில் வேலை. வைகாசியில் முகூர்த்தம். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். நம் பங்காளி முறையில் ஒருவர் தானே செய்வதாகச் சொன்னார். மாமா ஒப்பவில்லை. ராசாத்தி என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நீ வருவாய் என்றே இருக்கிறாள்.

என்னிடம் பேச வேண்டாம். அவளுக்காக வா.

அக்கா,
ஜெயமணி


பெங்களூர்,
2-5-1993

அன்புள்ள அக்காவுக்கு,

சித்தலிங்கப்பா வீட்டில்தான் இருக்கிறோம். கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கடை. அவர் வீட்டு முன்னறையைக் கொடுத்திருக்கிறார். ஒரு மெஷின் ஓடுகிறது. அந்தக் கல்லடியில் அவருக்கு இடது கண்ணில் பார்வை போய்விட்டது. அதை ஒரு நாளும் எங்களிடம் சொல்லிக்காட்டியதில்லை. பாரூரில் இருந்தபோதே ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன். அதன்பின் அங்கே இருக்க முடியவில்லை.

வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, ஓசூரில் தன் ஜனங்களுக்கு ஏதாவது ஆனதா என்பதுதான். மூக்கண்டப்பள்ளியில் ஒன்றும் ஆகவில்லை என்றேன். எப்படி ஆகாமல் இருந்தது என்று கேட்டார். "எங்க அக்கா இருந்தாங்க" என்றேன்.

அன்று மைதானத்தில் நான் ஏன் பேசாமல் நின்றேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர் பெயரைச் சொல்லிவிட்டால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போய்விடும். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் ஒன்றுதான் பிடிமானமாக இருந்தது. நீ செய்தது சரி. இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேறு எப்படி எழுத முடியும்? ஆனால் சரி என்று தெரிந்தும் மனசு ஆறவில்லை அக்கா. இரண்டும் உண்மைதான்.

ராசாத்தியின் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அன்று மைதானத்தில் நின்றவர்கள் பந்தலிலும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் மாலையோடு நிற்க என்னால் முடியாது. செல்லி குழந்தையோடு வருவாள். மாமன் சீர்ப் புடவையையும் ரவிக்கையையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். ரவிக்கை நான் தைத்தது. அளவு தெரியாமல் செல்லியின் அளவுக்குத் தைத்திருக்கிறேன், உள்ளே துணி விட்டிருக்கிறேன், பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று கேட்கிறேன். மாமன் நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரையும் நிற்க வைக்காதே. ராசாத்தி தனியாகவே நடந்து வரட்டும். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

உன் தம்பி,
அண்ணாதுரை