முழங்கைக்குக் கீழே ஐந்து விரல்

மெல்பேர்ண்,
12.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் சொன்னால் “ஓம், ஓம்” என்றுவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால்தான் பெட்டிக்குள் இந்தக் கடிதமும் வருகிறது. கையில் கட்டும் பட்டியோடு இருக்கும் வட்டத் துண்டுகள்தான் தசைத் துடிப்பைப் பிடிக்கும் உணரிகள். போரில் ஷெல் உங்கள் வலக்கையை மணிக்கட்டோடு கொண்டுபோனாலும் விரல்களை மடக்கும் தசைகள் முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. இல்லாத சுண்டுவிரலை மடக்குவதாக நினையுங்கள். அந்த நேரம் அண்ணி அமத்திப் பார்க்கட்டும். எந்த இடம் துள்ளுகிறதோ அங்கே பேனாவால் புள்ளி வைத்து உணரியை ஒட்டுங்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வோர் இடம். அரை அங்குலம் விலகினாலும் பக்கத்து விரல் பதிந்துவிடும். பதிவு போன் வழியாக எனக்கு வந்துவிடும்.

செயற்கைக் கை செய்யும் இந்தப் படிப்பை நான் எடுத்ததே உங்கள் கைக்காகத்தான். பஞ்சிப்படாமல் உடனே செய்து அனுப்புங்கள்.

அன்புத் தங்கை,
யதுர்ஷிகா

ஸ்கந்தபுரம்,
16.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இடக்கை எழுத்து, பொறுத்துக்கொள். பெட்டி கிடைத்தது. அறுவடை முடிந்ததால் நேரம் இருந்தது. உன் அண்ணி நிரோஜா நாலு நாள் அமத்திப் பார்த்தாள். நேற்றுப் பதிவை அனுப்பினோம். ஐந்து விரலும் வந்திருக்கும்.

உன் படத்தைப் பார்த்துவிட்டு, மெலிந்துபோனாய் என்று அவள் ஒரே புலம்பல். நேரத்துக்குச் சாப்பிடு. கையைப் பற்றிப் போனில் கேட்காதே. எனக்கு அதெல்லாம் கதைக்க வராது.

அண்ணா,
குகதாசன்

மெல்பேர்ண்,
05.07.2025

என் அருமை அண்ணா,

ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன! பேராசிரியர் நம்பவில்லை. காயப்பட்ட கையில் இவ்வளவு தெளிவு வராது என்றார். என் அண்ணா பொய் சொல்லமாட்டார் என்று அவரோடு சண்டையே பிடித்தேன். அந்தப் பதிவுக்கு ஏற்றபடி கை செய்து அனுப்பியிருக்கிறோம். என் ஆய்வையும் அதை வைத்துத்தான் எழுதி முடித்தேன்.

முதலில் அண்ணியின் கையைப் பிடியுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

யதுர்ஷிகா

ஸ்கந்தபுரம்,
28.08.2025

தங்கச்சி,

கை வந்து மூன்று கிழமை. எழுத வெட்கமாக இருந்தது.

அந்த நாலு நாளும் எந்த விரலை நினைத்தாலும் ஒரே இடம்தான் துள்ளியது. மற்றதெல்லாம் கல்லுப் போலக் கிடந்தது. நிரோஜா அழுதாள். “உள்ளதை எழுதுங்கோவன். அவா விளங்கிக்கொள்ளுவா” என்றாள். நான்தான், “இத்தனை வருசம் படிச்சவளுக்கு என்னெண்டு சொல்லுறது? உன்ரை கையை நீட்டு” என்றேன். நீ பார்த்த ஐந்து விரலும் அவளுடையவை. எனக்கு வரும் கை அந்தப் பதிவைக் கேட்டுத்தான் அசையும் என்று அப்போது தெரியவில்லை.

எனக்குப் பூட்டிப் பார்த்தோம். அசையவில்லை. பிறகு பட்டியை நிரோஜா தன் கையில் கட்டினாள். மேசையில் கிடந்த, நீ செய்த கை ஒவ்வொரு விரலாக மடக்கியது. வடிவாகத்தான் இருந்தது. அவள் உடனே கழற்றிவிட்டாள். அன்று நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

நீ செய்ததில் பிழையில்லை. பொய் சொன்னது உன் அண்ணா என்று பேராசிரியரிடம் சொல். நீயும் என்னோடு கோபித்துக்கொள், அது நியாயம். ஆனால் இனி என் கைக்காகப் படிக்காதே.

குகதாசன்