நிர்வாக சபையில் மறதியில்லாதவன்

என் அன்பான மனைவிக்கு ஸலாம்.

நீ கோபித்துக்கொண்டு கண்டக்குழியிலுள்ள உன் உம்மா வீட்டுக்குப் போனபிறகு இங்கே ஒரு புதினம். உப்புக் கம்பனியின் நிர்வாக சபையில் தொழிலாளருக்கும் ஓர் இடம் கிடைத்தது. உப்பு அள்ளும் பெண்கள் அதற்கு என்னைத் தெரிவு செய்துவிட்டார்கள்.

"ஒரு கோவத்தையும் மறக்காத ஆள் நீங்கதானே, நானா!" என்று, அவர்களில் ஒருத்தியும் என்னை அண்ணன் முறையில் நானா என்றழைப்பவளுமான அஸ்ரியா சிரித்தாள். உப்பு அரித்து அவள் கால்களெல்லாம் புண்.

முதற்கூட்டத்திலேயே அவர்களுக்கு இறப்பர்ச் சப்பாத்துக் கேட்டேன்.

"தாறண்டு நாங்க எப்ப சொன்ன?" என்றார் தலைவர்.

அவர் வாக்குக் கொடுத்த திகதியையும் அன்று போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் சொன்னேன். சபையே சிரித்துவிட்டது. சப்பாத்து இன்று வந்து சேர்ந்தது.

நம் சண்டைக்குக் காரணமான சங்கதியையும், அதாவது உன் தம்பியின் கல்யாணத்தில் பலர் சேர்ந்துண்ணும் தட்டுகளில் கடைசிச் சஹனில் என்னைச் சாப்பிட இருத்தியதையும், நான் மறக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிவர வரும்போது அதைப்பற்றி வாய் திறக்க மாட்டேன். தம்பி கேட்டாலொழிய.

உன் பிடிவாதக்காரன்