நாலு மாதம் பிந்தி வரும் போன்

மதிப்புக்குரிய என் வீட்டுக்காரருக்கு,

கடவுள் புண்ணியத்தில் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வீடியோ காலில் உங்கள் முகம் கலங்கலாகத் தெரிகிறதே என்று, நீங்கள் ஆசைப்பட்ட புது மாடலை வாங்கி அனுப்பக் கடைக்குப் போனேன். அதன் பெயரெழுதிய சீட்டு ஒரு மாதமாகச் சாமி படத்தடியில் இருந்தது. அந்தக் கதையையும் சொல்லிப் பணத்தை நீட்டினால், விற்கிற பெண் கை நீட்டவில்லை.

"ஊருக்கா அக்கா? அங்க இந்த மாடல் விற்பனைக்கு வர நாலு மாசமாகும். இப்ப அனுப்பிக் கெட்டுப்போனா, ரிப்பேர் பாக்க ஆளில்ல."

"உன் கமிஷன் போயிடுமேம்மா?"

"போனா போகுது. சாமிகிட்ட எனக்கும் ஒரு சீட்டு வைங்க!"

என்ன மனசு! அன்றே வைத்துவிட்டேன்.

நாலு மாதத்தில் எனக்கும் லீவு, ஊருக்கு வந்ததும் சேர்ந்தே வாங்குவோம். அதுவரை ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஞாயிறன்று நீங்கள் சிரித்தீர்களா, அழுதீர்களா என்றே தெரியவில்லை.

இங்கே நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் வயதான அம்மா மணி அடிக்கிறார்.

உங்கள் வீட்டுக்காரி